ஓடுகிறவன் வாசிக்கும்படி: தரிசன அட்டை ஒட்டும் வேலை

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்கான வசன அட்டை, பைபிளுக்குள் போகும். அடுத்த டிசம்பர் 31-இல்தான் அது மறுபடி வெளியே வரும். வேலூர்ப் பக்கத்துச் சபைகளில் இது பாதி வீடுகளின் கதை. அந்த வசனத்தையும், அதை வைத்து நாம் ஜெபிப்பதையும், தினமும் கண்ணில் படும்படி படங்களோடு கையால் செய்து சுவரில் வைப்பதுதான் தரிசனக் கொலாஜ். 'கொலாஜ்' பிரெஞ்சுச் சொல். ஒட்டுவது என்று பொருள். பெயர்தான் பெரியது. கத்தரி, பசை, பொறுமை இருந்தால் போதும். மூன்றில் பொறுமைதான் முதலில் தீர்ந்துபோகும்.

இதே வேலையை வேறு மாதிரியும் செய்கிறார்கள். கார், மாடி வீடு, வெளிநாட்டு விமானம் என்று படங்களை ஒட்டி, தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் அவை தானாக வந்து சேரும் என்கிற கணக்கு அது. அதற்கு ஆதாரமாக நீதிமொழிகள் 29:18-ஐக் காட்டுவதும் உண்டு. ஆனால் நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருப்பது 'தீர்க்கதரிசனம்' என்ற சொல். தேவன் சொன்னது இல்லாத இடத்தில் ஜனங்கள் சீர்கெட்டுப்போவார்கள் என்பதுதான் அதன் போக்கு. நம் ஆசைக்கு அது சாட்சிக் கையெழுத்துப் போடுவதில்லை.

இந்த வேலைக்குப் பொருத்தமான இடம் ஆபகூக் 2:2. தரிசனத்தை எழுது, ஓடுகிறவன் வாசிக்கும்படி பலகைகளிலே தீர்க்கமாக வரை என்று வருகிறது. பலரும் இந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கத்தரியைத் தூக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் முன்னே போய்ப் படித்தால் வரிசை தெரியும். முதல் அதிகாரத்தில் தீர்க்கதரிசி ஆபகூக் முறையிடுகிறான். இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் காவலில் நின்று காத்திருக்கிறான். எழுதுவது அதற்குப் பிறகுதான். முறையீடு, காவல், எழுத்து என்ற இந்த வரிசையை மாற்றினால் கையில் வருவது ஆசைப்பட்டியல்தான்.

அதனால் சார்ட் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் மூன்று நாள் ஒரு பழைய நோட்டில் முறையீடு மட்டும் எழுதுங்கள். கடன், உடம்பு, மகனின் வேலை, வராத தூக்கம் எதுவானாலும் சரி. அழகாக எழுத வேண்டாம். அடுத்த மூன்று நாள் எதுவும் எழுதாமல், காலையில் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், பரவாயில்லை. ஏழாம் நாள் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லாக மாற்றிப் பாருங்கள். 'வீடு' என்று எழுதியிருந்தால், அந்த வீட்டில் என்ன செய்யப்போகிறோம்? யாரை உட்காரவைத்துச் சோறு போடப்போகிறோம்? 'டாக்டர் சீட்' என்று இருந்தால், யாருடைய வலியைக் கேட்கப்போகிறோம்? வேலூரில் இந்தக் கடைசிக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இங்கே இருக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் குறிக்கோள் வாசகமே ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய என்பதுதான். பெயர்ச்சொல்லுக்குப் படம் தேடினால் விளம்பரம் கிடைக்கும். வினைச்சொல்லுக்குத் தேடினால் கைகள், பாதைகள், பாத்திரங்கள் கிடைக்கும். கண்ணுக்கும் அலுப்புத் தட்டாது.

இதோடு, நாம் தேர்ந்தெடுக்காத ஒரு படமும் அட்டையில் இருக்க வேண்டும். சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் மிஷனரியாகும் எண்ணமே இல்லாமல்தான் அமெரிக்காவிலிருந்து பெற்றோரைப் பார்க்க வந்திருந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளுக்கும் பிரசவ வேதனை. ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்த இரவுக்கு முந்தின நாள் அவரிடம் கத்தரியும் பசையும் கொடுத்திருந்தால், ஒட்டியிருக்கக்கூடிய படங்களே வேறு. ஆகவே அந்த வாரத்தில் நம் கதவைத் தட்டியது எது என்று பாருங்கள். பக்கத்துத் தெருப் பாட்டியாக இருக்கலாம், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையனாக இருக்கலாம். பிடிக்காவிட்டாலும் அதற்கும் ஒரு இடம் கொடுங்கள்.

இனி கைவேலை.

கடைகளில் கிடைக்கும் சார்ட் 22-க்கு 28 அங்குலம். ஒரு ஆளுக்கு அதில் பாதி, 14-க்கு 22 அங்குலம் போதும். முழுச் சார்ட்டில் ஆரம்பித்தவர்கள் பாதியில் இடத்தை நிரப்புவதற்காகவே படம் தேடுகிறார்கள், அது தெரிந்துவிடும். வெறும் சார்ட் தொங்கிப்போகும் என்பதால் பின்னால் மவுண்ட் போர்டு வேண்டும். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிப் பயன்படுத்தினால், உள்ளே இருக்கும் வரிவரியான மேடு படத்தின்மேல் தெரியும், வெயில் பட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். அதுதான் கையில் இருக்கிறது என்றால், இரண்டு அட்டைகளை வரிகள் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டிக்கொள்ளுங்கள்.

படங்கள் 40 சேருங்கள், 15 ஒட்டுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, வசன காலண்டர், திருச்சபை மாத இதழ், விதைக் கம்பெனித் துண்டுப்பிரசுரம் எல்லாம் உதவும். பளபளப்பான பத்திரிகைகளில் மட்டும் தேடினால் பனிமலையும் வெள்ளைத்தோல் குடும்பமும்தான் வரும். கண் ஏமாந்து அதையே 'சமாதானம்' என்று எடுத்து ஒட்டிவிடும். நம் சமாதானத்துக்கு அந்த முகம் இல்லை. போனை எடுத்துக்கொண்டு ஒரு மாலை வெளியே போங்கள். பாலாற்று மணல், கோட்டை அகழித் தண்ணீர், கோட்டைக்குள் 1846-இலிருந்து நிற்கும் தூய யோவான் ஆலயம், மண்டியில் இறங்கும் முள்கத்தரிக்காய், சாயங்காலப் பேருந்தில் ஜன்னலோரம் தூங்கும் நர்ஸ். ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். இங்க்ஜெட் பிரிண்டில் ஈரப் பசை பட்டால் சாயம் கசிந்து முகம் நீலமாகிவிடும். வீட்டு ஆல்பப் படங்களை ஒருபோதும் வெட்டாதீர்கள். நகல் எடுத்து அதை வெட்டுங்கள். செய்தித்தாள் துண்டு சில மாதத்திலேயே பழுத்துவிடும். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டு மஞ்சளாவதே காரணம். தலைப்பு எழுத்துகள் வேண்டுமென்றால் அதையும் நகலெடுத்து ஒட்டுவது நல்லது.

பழைய வட ஆற்காட்டில் இருக்கிறவர்களுக்கு வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத துண்டு துணுக்குகள் உண்டு. குடியாத்தத்து லுங்கித் துணி, ஆரணிப் பட்டு ஓரம், ஆம்பூர் ஷூ வேலையில் மிஞ்சும் தோல் சீவல். அப்பா தோல் ஷாப்பில் உழைத்த வீட்டில், ஒரு விரல் அகலத் தோல் துண்டு எந்தப் படத்தையும்விட அதிகம் பேசும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொல்லை இருக்கிறது. லுங்கித் துணி வெட்டின ஓரத்தில் நூல் பிரியும். வெட்டப்போகிற கோட்டின்மேல் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை முதலில் தடவிக் காயவிட்டு அப்புறம் வெட்டினால் பிரியாது. பட்டில் ஈரப் பசை ஊறி மேலே கறையாகத் தெரியும், அதற்கு இரண்டு பக்கம் ஒட்டும் டேப்தான். தோலுக்குக் காகிதப் பசை நிற்காது. செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் சொல்யூஷனை இரண்டு பரப்பிலும் தடவி, பிசுபிசுப்பு அடங்கினபின் அழுத்த வேண்டும். அதன் நெடி தலைக்கு ஏறும், ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் அட்டைமேல் பரப்பி, குறைந்தது இரண்டு நாள் ஒட்டாமல் வைத்துப் பாருங்கள். இங்கேதான் வேலூர் வெயில் குறுக்கே வரும். மின்விசிறி போட்டால் துண்டுகள் பறக்கும், நிறுத்தினால் நாம் அவிந்துபோவோம். ஒவ்வொரு துண்டின்மேலும் ஒரு புளியங்கொட்டையோ ஒற்றை ரூபாய் நாணயமோ வைத்துவிடுங்கள். அப்புறம் விசிறி ஓடலாம். ஒரு படம் பெரியதாக, மூன்று நான்கு நடுத்தரமாக, மீதி சிறியதாக இருக்கட்டும். எல்லாமே ஒரே அளவில் இருந்தால் ரேஷன் கடை விலைப்பட்டியல் போல ஆகிவிடும். தினமும் அந்தப் பக்கம் போகும்போது ஒன்றை நகர்த்துங்கள். இரண்டு நாளில் எது கண்ணை இழுக்கிறது, எது சும்மா அழகுக்காக இருக்கிறது என்று தெரியும். அழகுக்கு இருப்பதை எடுத்துவிடுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஒட்டும்போது எது எங்கே இருந்தது என்ற குழப்பம் வராது.

உள்ளங்கை அளவு ஒரு சதுரத்தைக் காலியாக விடுங்கள். அலங்காரத்துக்கு விடும் இடம் அல்ல அது. பென்சிலால் கோடு போட்டு, வேண்டுமென்றே காலியாக விடுவது. நாம் கேட்கத் தெரியாதது வருவதற்கான இடம். 'மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும்; அவன் நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்' என்பதை எழுதி ஒட்டுவதைவிட இந்தக் காலிச் சதுரம் அதை நன்றாகச் சொல்லும். பிள்ளைகள் வந்து, "அம்மா, இங்க ஒட்ட மறந்துட்டீங்க" என்பார்கள். "மறக்கலம்மா, அது அவருக்கு" என்றால் போதும், மேலே விளக்கம் தேவைப்படாது.

பசையில்தான் பெரும்பாலான அட்டைகள் கெடுகின்றன. மெல்லிய காகிதத்தில் தண்ணீர் பட்டதும் அது விரியும், காய்ந்ததும் சுருங்கும். விரிந்து முடிவதற்குள் அவசரமாக ஒட்டினால் நடுவில் கொப்புளம். பசை தடவிவிட்டு ஒரு நிமிஷம் விட்டு, காகிதம் தளர்ந்தபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ளி ஒட்டினால் கொப்புளம் வராது. மே மாதத்தில் இந்த முறை நடக்காது, ஒரு நிமிஷத்துக்குள் பசையே காய்ந்துவிடும். அப்போது படத்தில் தடவாமல் அட்டையில் தடவி, படத்தை உலர்ந்தபடியே வையுங்கள். கெட்டித் தாளுக்கு வெள்ளைப் பசை மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பத்திரிகைத் தாளுக்குக் குச்சிப் பசை. குச்சிப் பசையை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டு மத்தியானம் எடுத்தால் மூடிக்குள் கஞ்சியாக இருக்கும்.

மைதாப் பசையே சுகம் என்பவர்கள், இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, முக்கால் டம்ளர் கொதிநீரில் ஊற்றி, சின்னத் தீயில் மூன்று நான்கு நிமிஷம் கிளறுங்கள். வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கலாம். மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சுவதே சரி. பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் கலப்பவர்கள் உண்டு. அது விஷம்; பிள்ளைகள் கைவைக்கும் பசையில் வேண்டாம். மாவுப்பசை அட்டையை மூடிய அலமாரியில் போட்டு வைத்தால் வெள்ளிப்பூச்சி தேடி வரும்.

இன்னொன்று: எல்லாம் நன்றாக ஒட்டி, மறுநாள் காலையில் பார்த்தால் அட்டை முறம்போல் உள்பக்கம் வளைந்திருக்கும். முன்பக்கத்துக் காகிதம் காய்ந்து சுருங்கி அட்டையை இழுத்திருக்கிறது. ஆணி அடித்து நேராக்க முடியாது. முன்பக்கம் ஒட்டின அன்றைக்கே, பின்பக்கத்திலும் அதே அளவு காகிதத்தை அதே பசையால் ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். காகிதத்துக்கு நெசவுபோல ஒரு போக்கு உண்டு. லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் சுலபமாக மடங்கும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். முன்னும் பின்னும் அந்தப் போக்கு ஒரே திசையில் இருக்க வேண்டும். பிறகு மேலே பாலிதீன் தாள் விரித்து, தரையில் வைத்து, ஒரு இரவு முழுக்க எடை ஏற்றுங்கள். பழைய கைடு புத்தகங்கள் பத்து இருந்தால் போதும். எடைக்குப் பெரிய எழுத்துப் பைபிளை வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும், அது தேவையில்லாத வம்பு.

வசனம் ஒன்றே ஒன்று போதும். ஐந்தாறு வசனம் எழுதினால் எதையும் கண் வாசிக்காது. ஓடுகிறவன் வாசிக்க வேண்டும் என்பதை அப்படியே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். ஆறடி தள்ளி நின்று, நடந்துகொண்டே வாசிக்க முடிகிறதா? அதற்கு எழுத்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். பேனா முனை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் 'ண', 'ணை', 'ஞ' போன்றவற்றின் சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். அச்சிட்டதைவிடக் கையெழுத்தே நல்லது, கோணலாக இருந்தாலும். தலைப்பெழுத்துகளை வெட்டி ஒட்டுபவர்கள் புள்ளியை மறந்துவிடக் கூடாது. எழுத்தை ஒட்டி வெட்டும்போது மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி கத்தரியோடு போய்விடும். 'நம்பிக்கை' என்று நினைத்து ஒட்டியது சுவரில் 'நமபிககை' என்று நிற்கும். எழுத்துக்கு மேலே ஒரு விரற்கடை இடம் விட்டு, கட்டமாக வெட்டுங்கள்.

வாலிபர் சங்கத்திலோ பெண்கள் ஐக்கியத்திலோ பத்துப் பேராகச் செய்வதானால் இரண்டரை மணி நேரம் வேண்டும். ஐந்து சார்ட், கால் கிலோ வெள்ளைப் பசை ஒன்று, ஆளுக்கொரு குச்சிப் பசை, ஆளுக்கொரு கத்தரி. கத்தரியில் மிச்சம் பிடித்தால் காத்திருக்கிறவர்கள் பேச ஆரம்பிப்பார்கள், அப்புறம் அமைதி திரும்பாது. பத்திரிகைகளை முழுசாகக் கொடுக்காமல் முந்தின நாளே தாள் தாளாகக் கிழித்து நடுவில் கொட்டுங்கள். முழுப் பத்திரிகை கையில் கிடைத்தால் சமையல் குறிப்பைப் படிக்க உட்கார்ந்துவிடுகிறோம், எல்லோரும்தான். வீட்டில் ஒரு வாரம் எடுக்கும் முறையீடும் காத்திருப்பும் இங்கே இருபது நிமிஷ மௌனத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே நோட்டு வேலையை முன்கூட்டியே சொல்லி அனுப்புவது நல்லது. ஆயர் முதலில் நீண்ட செய்தி கொடுத்தால் ஒட்டுவதற்கு நேரம் இருக்காது என்பதையும் பக்குவமாக அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். சொல்வது கஷ்டம்தான்.

கடைசியில் காட்டும் நேரத்தில் ஒரு கட்டுப்பாடு அவசியம். யாரும் மற்றவருடைய அட்டைக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. "அக்கா, உங்க அட்டையில தொட்டில் படம் இருக்கே, இந்த வருஷம் ஆண்டவர் கண்டிப்பா கொடுப்பார்" என்று ஒருவர் நல்லெண்ணத்தில் சொல்வார். பத்து வருஷமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறவர் அதற்கப்புறம் கூட்டத்துக்கே வரமாட்டார். "இந்தப் படத்தைப் பத்திச் சொல்லணும்னா சொல்லுங்கக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சொல்லாமல் இருக்கவும் உரிமை உண்டு.

வேலூரில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. வைத்தியத்துக்காக எங்கிருந்தோ வந்து, லாட்ஜ் அறையில் வாரக்கணக்கில் தங்கி, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள். இவர்களைப் பார்க்கப் போகும் சபையார் சார்ட்டும் மவுண்ட் போர்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரு சின்ன நோட்டு, ஒரு குச்சிப் பசை, முனை மழுங்கிய ஒரு கத்தரி போதும். மருந்துச் சீட்டின் ஓரம், பஸ் டிக்கெட், டீக்கடைத் துண்டுக் காகிதம், ஆரஞ்சு சுற்றி வந்த தாள் என்று அன்றன்றைக்குக் கிடைத்ததை ஒரு பக்கத்தில் ஒட்டினால் போதும். இந்த நோட்டில் எதிர்காலப் படம் ஒட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கறுப்பாக ஒரு பக்கம் முழுக்கத் தீட்டி வைத்தால் அதுவும் சரிதான். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை புலம்பலாகவே முடிகிறது. முடிவில் ஆறுதல் வரி ஒன்றுகூடச் சேர்க்காமல்தான் வேதாகமத்தில் அது இடம்பெற்றிருக்கிறது.

முடிந்த அட்டையை எங்கே மாட்டுவது? வருகிறவர்கள் கண்ணில் படும் முன்னறையில் வேண்டாம். யாராவது கேட்டால் விளக்க வேண்டியிருக்கும், விளக்க விளக்க அது நாடகமாகிவிடும். பீரோ கதவின் உள்பக்கம், தலைவாரும் கண்ணாடிக்குப் பக்கம், குடிநீர் வைத்திருக்கும் மேசைக்கு மேல் என்று நாம் தினமும் நிற்கும் இடம் நல்லது. மேற்கு ஜன்னல் வழியே மாலை வெயில் நேராக விழுந்தால் ஒரே கோடையில் சிவப்புகள் வெளுத்துவிடும். வடகிழக்குப் பருவமழையின்போது ஓதம் ஏறும் சுவரானால் நான்கு மூலையிலும் பின்னால் ஒரு துண்டு அட்டை வைத்து, சுவரில் படாமல் மாட்டுங்கள். இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். ஒட்டுவதற்கு ஏற்ற மாதம் பிப்ரவரி. ஓதமும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது, லெந்து என்னும் தவக்காலமும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் ஆரம்பிக்கும்.

அட்டையின் பின்பக்கம் வெற்றுக் காகிதம் ஒட்டினோமே, அது கணக்குப் புத்தகம். ஒட்டின தேதி, அன்றைய முறையீடு மூன்று வரி. சனிக்கிழமை இரவு ஐந்து நிமிஷம் அட்டைக்கு முன் நின்று ஜெபித்துவிட்டு, ஏதாவது நடந்திருந்தால் பென்சிலால் தேதியோடு குறித்துவையுங்கள். நடக்காததையும்தான். வேலை வேறு ஒருவருக்குப் போயிருக்கலாம். வீட்டுப் படத்தில் இருந்தவர் இல்லாமல் போயிருக்கலாம். அப்போது அந்தப் படத்தைக் கிழித்தெடுக்காதீர்கள், கீழே இருக்கும் சார்ட்டும் உரிந்து வந்து காயம்போலத் தெரியும். பட்டர் பேப்பர் துண்டு ஒன்றை அதன்மேல் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டி மூடுங்கள். மங்கலாகத் தெரியும், வேண்டும்போது தூக்கியும் பார்க்கலாம்.

வருஷம் முடிந்தால் அட்டையை இறக்கிவிடுங்கள். முன்பக்கப் படங்களில் மூன்று நான்கு அடுத்த அட்டைக்குப் போகும், மற்றதைக் கிழித்துப்போடுவதில் தவறில்லை. காலிச் சதுரத்தில் எதுவும் ஒட்டப்படாமலே இருந்தால், கோட்டோடு வெட்டி எடுத்து அப்படியே புது அட்டையில் வையுங்கள். பின்பக்கத்துத் தேதிகளை மட்டும் ஒரு துண்டாக வெட்டி, புது அட்டையின் பின்னால் ஒட்டலாம். அதற்கு மைதாப் பசை வேண்டாம், பூச்சி வரும். குச்சிப் பசை போதும்.